இரேடியமும் அளவும்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒரு வரலாறு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்முன்னோர் மொழி. இம்முதுமொழிக்கு மருத்துவ வரலாற்றிலே சான்று தேடப் புகுவார்க்கு இரேடியத்தின் கதையினும் தெளிவானதொரு சான்று கிடைத்தல் அரிது. அமிர்தம் நஞ்சாகிய கதை மட்டுமன்று அது. நஞ்சென்று அறியப்பட்ட ஒன்றை மருந்தாக்கி, அம்மருந்தின் அளவைக் காணும்பொருட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் உழைத்த கதையுமாகும். அவ்வுழைப்பின் பயனை மிகுதியும் பெற்றோர் கருப்பைக் கழுத்திலே புற்றுநோய் கண்ட பெண்களாவர். அவ்வுழைப்பில் நேர்ந்த பிழைகளின் துன்பத்தை மிகுதியும் அனுபவித்தோரும் அவர்களே.

மருத்துவ வரலாறு எழுதப்படுங்காற் கண்டுபிடிப்புகளும் கண்டுபிடித்தோர் பெயர்களுமே முன்னிற்பது வழக்கம். பக்கவிளைவுகள் அடிக்குறிப்பிலே இடம்பெறும். ஆனால் இச்சிகிச்சையின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அம்முறை பொருந்தாது என்பது புலனாகும். இங்கு அளவென்பது ஊறுகளாற் கற்பிக்கப்பட்டது. எவ்வூறு காணப்பட்டு எண்ணப்பட்டதோ அவ்வூற்றைத் தடுக்கவே அளவு வகுக்கப்பட்டது. எண்ணப்படாத ஊறு நெடுங்காலம் அளவின்றியே கிடந்தது. இவ்வுண்மையை வரலாற்று முறையில் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இந்நோய் தோன்றும் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கருப்பையின் கீழ்ப்பகுதி ஒடுங்கி யோனியினுள் நீண்டிருக்கும் இடமே கருப்பைக் கழுத்து. அதற்கு முன்புறம் சிறுநீர்ப்பையும் பின்புறம் நேர்குடலும் மிக அணித்தாக அமைந்துள்ளன. இருமருங்கும் ஏறத்தாழ 2 சதமமீற்றர் தொலைவிலே சிறுநீர்க்கான்களும் கருப்பைக்குச் செல்லும் குருதிக் கலன்களும் குறுக்கிட்டுச் செல்கின்றன. புற்று வளரும் இடம் இத்துணை நெருக்கமான இடமாதலின், அதனை அழிக்கும் எவ்வழியும் அயலுறுப்புகளைத் தீண்டாது செல்லுதல் அரிது. ஆயினும் இயற்கை இங்கே ஒரு வாயிலையும் திறந்து வைத்துள்ளது. கருப்பையின் உட்குழியும் யோனியும் கதிர்வீசும் பொருளைத் தாங்கும் கலமாக அமையக்கூடியன. எனவே கதிரின் ஊற்றைப் புற்றின் நடுவிலேயே வைத்தல் இயலும்.

அவ்வாறு வைத்தலால் வரும் பயன் பௌதிகவியலின் எளிய விதியொன்றால் விளங்கும். சிறியதோர் ஊற்றிலிருந்து வரும் கதிரின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். ஒரு சதமமீற்றர் தூரத்தில் நூறு பங்காக இருப்பது இரண்டு சதமமீற்றரில் இருபத்தைந்து பங்காகும். ஆகவே ஊற்றுக்கு அண்மையிலுள்ள புற்று பெருங்கதிரைப் பெற, சற்றே அப்பாலுள்ள உறுப்பு சிறுகதிரையே பெறும். நேர்குடலுக்கும் ஊற்றுக்கும் இடையே துணிச்சுருளை வைத்து, இடைவெளியை ஒரு சதமமீற்றரிலிருந்து ஒன்றரைச் சதமமீற்றராக்கினால், நேர்குடல் பெறும் கதிர் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும். ஆனால் இவ்விதி இருபுறமும் கூருடைய வாள் போன்றது. வைத்த குழாய் அரைச் சதமமீற்றர் பின்னோக்கி நழுவினால் அதே விதி நேர்குடலை எரித்துவிடும். அண்மை என்பதே இச்சிகிச்சையின் வலிமையும் அதன் ஆபத்துமாகும். சுவீடன் நாட்டு அறிஞராகிய கொஸ்ற்றா பொர்சல் 1931 இல் இதற்கு இட்ட பெயரும் ‘குறுகிய’ எனப் பொருள்படும் ‘பிராக்கி’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. நாம் இதனை அண்மைக் கதிர்ச் சிகிச்சை எனலாம்.

மேரி கியூரியும் பியேர் கியூரியும் இரேடியத்தைக் கண்டறிந்த செய்தியை 1898 டிசெம்பரில் வெளியிட்டனர். அதற்கு மருத்துவப் பயன் உண்டென்னும் எண்ணம் ஓர் ஊற்றிலிருந்து பிறந்தமை ஈண்டு நோக்கற்பாலது. பெக்கெரல் இரேடியம் அடங்கிய சிறு குழாயொன்றைத் தம் மேற்சட்டைப் பையில் வைத்திருந்தார். சின்னாட்களில் அவ்விடத்துத் தோல் சிவந்து புண்ணாயிற்று. இதனை அறிந்த பியேர் கியூரி வேண்டுமென்றே தம் கையில் இரேடியத்தை வைத்து, எழுந்த புண்ணின் போக்கைக் கவனித்து வந்தார். இருவரும் 1901 இல் தம் அவதானங்களைச் சேர்த்து வெளியிட்டனர். உயிருள்ள இழையத்தை அழிக்க வல்ல பொருள் நோயுற்ற இழையத்தையும் அழிக்கலாம் அன்றோ என்னும் வினா அங்கேயே பிறந்தது. அதே காலத்திற் பாரிஸ் சென் லூயி வைத்தியசாலையில் டான்லோ என்பார் தோல்நோய்க்கு இரேடியத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல், இரேடியத்தை நுண்ணிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் புற்றின் நடுவிலே வைத்துப் பார்த்தல் தகும் என 1903 இல் ஒரு கடிதம் எழுதினார். அவ்வாண்டிலேயே நியூயோர்க் நகரின் பெண் மருத்துவராகிய மாகரற் கிளீவ்ஸ், கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு இரேடியத்தைப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார்.

இத்தொடக்க காலத்தில் அளவு எவ்வாறு குறிக்கப்பட்டது? எத்தனை மில்லிகிராம் இரேடியம் எத்தனை மணிநேரம் வைக்கப்பட்டது என்பதே அளவாயிற்று. 50 மில்லிகிராம் 100 மணிநேரம் வைக்கப்படின் 5000 மில்லிகிராம் மணி என்பர். இக்கணக்கு எளிது, ஆனால் குறையுடையது. இது மருந்துக் குப்பியிலிருந்து எவ்வளவு வெளிப்பட்டது என்று கூறுமேயன்றி, நோயாளியின் உடலில் எவ்விடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று கூறாது. 100 மில்லிகிராம் 50 மணிநேரம் வைக்கப்படினும் எண் 5000 தான். ஆனால் இழையத்தின் மீது விளைவு வேறு. இரேடியம் ஒரே குழாயிற் குவிந்திருப்பினும், மூன்று குழாய்களிற் பரந்திருப்பினும் எண் ஒன்றே. ஆனால் அயலுறுப்புகள் பெறும் கதிர் வேறு வேறு. கதிரின் தன்மையும் கருத்திற் கொள்ளப்படவில்லை. இரேடியக் குழாயின் சுவர் மெல்லிதாயின், ஆழம் செல்லாத பீற்றாக் கதிர்கள் அண்மை இழையத்தைச் சுட்டு அழுகச் செய்தன. பிளாற்றினம் போன்ற கனத்த உலோகத்தாற் குழாயைப் போர்த்து, ஊடுருவும் ஆற்றல் மிக்க கம்மாக் கதிர்களை மட்டும் வெளிவிடல் வேண்டும் என்னும் பாடம் அப்புண்களால் அறியப்பட்டதே.

முறையாக வகுக்கப்பட்ட சிகிச்சை இரண்டு நகரங்களில் உருவாயிற்று. ஸ்ரொக்ஹோம் நகரில் 1910 இல் பொர்சல் நிறுவிய இரேடிய நிலையத்தில் ஜேம்ஸ் ஹேமன் ஒரு முறையை அமைத்தார். அம்முறையில் மிகுந்த இரேடியம் ஏறத்தாழ ஒரு நாள் அளவே வைக்கப்படும். பின்னர் எடுக்கப்பட்டு, சில வாரங்கள் விட்டு மீண்டும் வைக்கப்படும். இவ்வாறு இரண்டு அல்லது மூன்று முறை செய்யப்படும். பாரிஸ் இரேடிய நிலையத்திற் குளோடியஸ் றெகோ இதற்கு மறுதலையான வழியை மேற்கொண்டார். குறைந்த இரேடியத்தை ஏறத்தாழ ஐந்து நாட்கள் இடையறாது வைத்தல் அவர் முறை. இதற்கு அவர் செய்த ஆய்வொன்று அடிப்படையாயிற்று. செம்மறிக்கடாவின் விதைகளை ஒரே முறையிற் கதிர்வீசி மலடாக்க முயன்றால் மேலுள்ள தோல் அழிந்தது. அக்கதிரையே பல நாட்களுக்குப் பகிர்ந்து செலுத்தியபோது தோல் பிழைத்துக்கொள்ள, விதைகள் மலடாயின. இடையறாது பெருகும் கலங்களும் மெல்லப் பெருகும் கலங்களும் காலத்தை ஒரே வகையாகப் பயன்படுத்துவதில்லை என்பதே இதன் பொருள். ஆகவே அளவென்பது எவ்வளவு என்னும் ஒரு வினாவன்று. எவ்வளவு நேரத்தில், எத்தனை முறையில் என்னும் வினாக்களும் அதனுள் அடங்கும்.

இரு முறைகளுள் எது சிறந்தது என்று அறிய வேண்டுமாயின் இரு நகரத்தாரும் ஒரே மொழி பேசுதல் வேண்டும். தொடக்கத்திலுள்ள நோயையும் முற்றிய நோயையும் ஒன்றாகக் கலந்து எண்ணினால் ஒப்பீடு பயனற்றதாகும். முதலாம் உலகப் போரின் பின் ஜெனீவாவில் அமைந்த சர்வதேச சங்கம் இப்பணியையும் மேற்கொண்டது. அதன் நிபுணர் குழு 1929 இல் இந்நோயைப் படிநிலைகளாக வகுத்தது. சிகிச்சையின் பெறுபேறுகளைக் கூறும் முதலாவது ஆண்டறிக்கை 1937 இல் வெளிவந்தது. அரசியலில் தோல்வியுற்றதெனப் பேசப்படும் அச்சங்கம், நாடு பல கடந்து பிணிப்பட்ட பெண்களின் கணக்கை ஒரே ஏட்டில் எழுத வழிசெய்தமை பெரிதும் பாராட்டற்குரியது. எனினும் அத்தகைய அறிக்கைகளில் முதலிடம் பெற்றது ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் தொகையே. வாழ்ந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது அத்தொகையால் அறியத்தக்கதன்று.

இதற்கிடையிற் பௌதிகவியலார் புதியதோர் அலகைத் தந்தனர். 1928 இல் ஸ்ரொக்ஹோமிற் கூடிய கதிரியல் மாநாடு, வளியிற் கதிர் உண்டாக்கும் அயனாக்கத்தை அடிப்படையாகக் கொண்டு றொன்ஜன் என்னும் அலகை ஏற்றுக்கொண்டது. இனி, வைத்த இரேடியம் எவ்வளவு என்று கேட்பதை விடுத்து, குறித்த ஓரிடத்திற்கு வந்த கதிர் எவ்வளவு என்று கேட்டல் இயல்வதாயிற்று. அரை மில்லிமீற்றர் பிளாற்றினத்தால் மூடிய ஒரு மில்லிகிராம் இரேடியம், ஒரு சதமமீற்றர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ எட்டேகால் றொன்ஜன் தரும். இவ்வெண்ணும் தூர விதியும் கைவரப் பெற்றால், உடலின் எவ்விடத்துக்கும் கணக்கிடலாம். ஆனால் எவ்விடத்துக்குக் கணக்கிடுவது?

இவ்வினாவுக்கு விடை தந்தது இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரம். அங்கிருந்த ஹோல்ற் இரேடிய நிலையத்திலே பற்றேசன், பாக்கர் என்னும் இருவர் 1934 இற் பொதுவான இரேடியச் சிகிச்சைக்கு அளவு விதிகளை வகுத்திருந்தனர். அவர் வழியில் மாகரற் ரொட் என்னும் மருத்துவரும் மெரடித் என்னும் பௌதிகவியலாளரும் 1938 இற் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு உரிய விதியை வெளியிட்டனர். யோனியின் பக்க மேன்மூலையிலிருந்து 2 சதமமீற்றர் மேலும், கருப்பைக் குழியின் நடுக்கோட்டிலிருந்து 2 சதமமீற்றர் பக்கமுமாக ஒரு புள்ளியை அவர்கள் குறித்தனர். அதனை முதலாம் புள்ளி என்போம். அதே மட்டத்தில் உடலின் நடுக்கோட்டிலிருந்து 5 சதமமீற்றர் அப்பால் இரண்டாம் புள்ளி குறிக்கப்பட்டது. முதலாம் புள்ளிக்கு 8000 றொன்ஜன் வருமாறு, ஏறத்தாழ மூன்று நாள் வீதம் இருமுறை இரேடியம் வைக்கப்பட்டது. 144 மணிநேரத்துக்கு 8000 எனின் மணிக்கு ஏறத்தாழ 55 றொன்ஜன் ஆகும். அம்முறையை 1953 இல் அவர்களே திருத்தியும் வெளியிட்டனர்.

அப்புள்ளி ஏன் அவ்விடத்தில் வைக்கப்பட்டது என்பதிலேதான் வரலாற்றின் சிறப்பு உள்ளது. அது புற்றின் எல்லையன்று. குருதிக் கலன்களும் சிறுநீர்க்கானும் குறுக்கிடும் இடத்தில் எழும் ஊறே சிகிச்சையின் எல்லையைத் தீர்மானிக்கிறது என அவர்கள் கருதினர். ஆதலின் அவ்விடத்தையே அளவுகோலின் நிலைக்களமாகக் கொண்டனர். கொல்ல வேண்டிய நோயை அளவிடுமுன் காக்க வேண்டிய இழையத்தை அளவிட்டனர் என்று கூறின் மிகையாகாது. மில்லிகிராம் மணியிலிருந்து புள்ளிக்கு வந்தமை, அளவென்பது மருந்துக் குப்பியை விட்டு நோயாளியின் உடலுக்குள் வந்தமையாகும்.

எனினும் புள்ளி புள்ளியே. ஒருத்தியின் புற்று சிறிது. இன்னொருத்தியின் புற்று பெரிது. ஒருத்தியின் கருப்பை முன்சாய்ந்தது, இன்னொருத்தியினது பின்சாய்ந்தது. எல்லாருக்கும் 2 சதமமீற்றர் என்னும் விதி, பெரும் புற்றின் ஓரத்துக்குக் குறைந்த கதிரையும் சிறு புற்றின் அயலுக்கு வேண்டாத கதிரையும் கொடுத்தது. நேர்குடலும் சிறுநீர்ப்பையும் பெற்ற கதிர் அப்புள்ளியால் நேரே அறியப்படவில்லை. ஸ்ரொக்ஹோம் நிலையத்தைச் சேர்ந்த கொற்மயர் என்பார் கிறே என்னும் துணைவருடன் சேர்ந்து, நேர்குடலிலும் சிறுநீர்ப்பையிலும் நேர்ந்த ஊறுகளை அவ்வுறுப்புகள் பெற்ற கதிரளவோடு இயைத்து ஆராய்ந்து 1961 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புள்ளியைக் கடந்து உறுப்பை நோக்கிய அடிகளுள் அஃது ஒன்று.

இவ்வூறுகள் யாவை எனச் சிறிது விரித்துரைத்தல் கடன். சிகிச்சை நடைபெறும் வாரங்களில் வயிற்றோட்டமும் சிறுநீர் எரிவும் களைப்பும் தோன்றிப் பெரும்பாலும் தாமே தணியும். அவை முன்விளைவுகள். பின்விளைவுகள் வேறு வகையின. சில மாதங்கள் தொடக்கம் பல ஆண்டுகள் வரை கழிந்த பின்னர் நேர்குடலின் நுண்ணிய குருதிக் கலன்கள் சிதைந்து மலத்துடன் குருதி போகும், சிறுநீர்ப்பை சுருங்கி அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும், குடல் ஒடுங்கும், யோனி வறண்டு ஒடுங்கிச் சுருங்கும். மிகக் கொடியது புரைவழி. யோனிக்கும் நேர்குடலுக்கும், அல்லது யோனிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலுள்ள சுவர் அழிந்து, மலமோ சிறுநீரோ தன்வசமின்றி வழியும் நிலை அது. சூலகங்கள் செயலிழத்தலால் இளம்பெண்களுக்கும் மாதவிலக்கு நின்றுபோகும். புற்று நீங்கியது என்று இல்லம் அனுப்பப்பட்ட பெண்ணொருத்தி மூன்றாம் ஆண்டில் இவ்வூற்றுடன் திரும்பி வருவாளாயின், அவளை வெற்றியின் பட்டியலிற் சேர்ப்பதா, தோல்வியின் பட்டியலிற் சேர்ப்பதா? ஓராண்டு மட்டும் நோக்கும் கணக்கில் அவள் வெற்றி. ஆதலின் நெடுங்காலம் பின்தொடர்ந்து நோக்காத ஆய்வு எதுவும் கதிரளவைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதியுடையதன்று.

ஊற்றை அனுபவித்தோர் நோயாளர் மட்டுமல்லர். இரேடியத்தைக் கையால் எடுத்துக் குழாயில் அடைத்த பணியாளர், அதனை உடலுள் வைத்த மருத்துவர், பல நாட்கள் நோயாளியின் அருகிருந்து பேணிய தாதியர் ஆகிய அனைவரும் அக்கதிரைப் பெற்றனர். மேரி கியூரி 1934 இற் குருதி உற்பத்தி குன்றும் நோயால் மாண்டார். கதிர்த்தொழிலில் உயிரிழந்தோருக்காக 1936 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் அந்நாளிலேயே 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. பணியாளர் அஞ்சி விரைந்து வைத்தமையால், குழாய்கள் அமைய வேண்டிய இடத்தைச் சீர்செய்வதற்குப் போதிய நேரமும் இல்லாதிருந்தது. நியூயோர்க்கிற் பணியாற்றிய உல்றிக் ஹென்ஷ்கே இதற்கு 1960 இல் ஒரு தீர்வை வெளியிட்டார். முதலில் வெறுங்குழலிகளை உடலுள் வைத்து, எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து இடத்தைச் சரிபார்த்து, அதன்பின் கதிரூற்றைக் குழலியினுள் ஏற்றுதலே அம்முறை. ஹூஸ்ரன் நகரிற் கில்பேட் பிளெச்சர் ஆக்கிய குழலிகளும் பின்னர் இம்முறைக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. காலப்போக்கில் ஊற்றை இயந்திரமே தொலைவிலிருந்து செலுத்தலாயிற்று. பணியாளரைக் காக்கப் பிறந்த உத்தி, அவசரத்தை நீக்கியமையால் நோயாளியையும் காத்தது.

இரேடியத்துக்கும் விடைகொடுக்கும் காலம் வந்தது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டு. குழாய் வெடித்தால் அதிலிருந்து கசியும் ரேடன் வாயு ஆபத்தானது. எனவே 30 ஆண்டு அரைவாழ்வுடைய சீசியம்–137, ஐந்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட அரைவாழ்வுடைய கோபாற்று–60, 74 நாள் அரைவாழ்வுடைய இரிடியம்–192 ஆகியன அதனிடத்தைப் பெற்றன. இவை மிகச் செறிந்த ஊற்றுகளாக அமையக்கூடியன. 1960 களின் நடுப்பகுதியில் இலண்டன் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் கோபாற்று–60 ஊற்றைக் கொண்டு சில நிமிடங்களிலேயே சிகிச்சை முடிக்கும் முறை கையாளப்பட்டது. நாட்கணக்கிற் படுக்கையில் அசையாது கிடந்த துன்பம் நீங்கிற்று. ஆனால் இங்கே றெகோவின் பாடம் மீண்டும் எதிர்ப்பட்டது. மெல்ல வரும் கதிரின் ஊடே நலமுள்ள கலங்கள் தம் சிதைவைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. விரைந்து வரும் கதிர் அதற்கு இடங்கொடுப்பதில்லை. மன்செஸ்ரர் நிலையத்தார் இரேடியத்தை விடுத்து, அதனினும் விரைந்து கதிர் தரும் சீசிய இயந்திரத்துக்கு மாறியபோது, பழைய எண்ணையே கொடுத்தால் பின்விளைவுகள் மிகும் என்பதைக் கண்டு மொத்த அளவைக் குறைக்க நேர்ந்தது. எண் ஒன்றே; வேகம் மாறியமையால் மருந்து வேறாயிற்று.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 1975 தொடக்கம் உள்வாங்கப்படும் கதிரின் அலகு கிறே எனப்படுகிறது. விரைவு முறையில் ஒரு முறைக்கு 7 கிறே வீதம் நான்கு முறை கொடுத்தால் மொத்தம் 28 கிறே. நாளொன்றுக்கு 2 கிறே வீதம் கொடுக்கும் வழமையான சிகிச்சையாக இதனை மாற்றிக் கணக்கிட்டால், புற்றின் மீது இதன் விளைவு ஏறத்தாழ 40 கிறேக்குச் சமம். மெல்ல எதிர்வினை காட்டும் நேர்குடல் போன்ற உறுப்பு அதே 28 கிறேயைப் பெறுமாயின், அதன் மீது விளைவு 56 கிறேக்குச் சமமாகும். அஃதாவது, விரைவு முறையில் ஊறு நோயினும் வேகமாக வளர்கிறது. ஆனால் குழலியைச் செவ்வனே அமைத்து, நேர்குடல் ஒரு முறைக்கு 4 கிறே மட்டும் பெறுமாறு செய்தால், அவ்விளைவு 22 கிறே அளவுக்கு இறங்கிவிடும். பெற்ற கதிர் பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்திருக்க, ஊறு ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. சில மில்லிமீற்றர் தூரம் ஒரு பெண்ணின் எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானிக்கிறது என்பது உயர்வு நவிற்சியன்று, எண்கணிதமேயாம்.

உறுப்புகளை அளவிடும் பொதுவிதி 1985 இல் வந்தது. கதிர்வீச்சு அலகுகளுக்கும் அளவீடுகளுக்குமான சர்வதேச ஆணைக்குழு தன் 38 ஆவது அறிக்கையிற் சிறுநீர்ப்பைக்கும் நேர்குடலுக்கும் உரிய புள்ளிகளை வகுத்தது. சிறுநீர்ப்பையில் வைத்த குழாயின் குமிழை 7 கன சதமமீற்றர் திரவத்தால் நிரப்பி அதன் பின்புறத்தே ஒரு புள்ளி; யோனியின் பின்சுவருக்கு 5 மில்லிமீற்றர் பின்னே நேர்குடற் புள்ளி. ஆயினும் அவ்வறிக்கை யோனிக்கென ஒரு புள்ளியை வகுக்கவில்லை. இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஊற்றுக்கு மிக அண்மையில் இருப்பது யோனியே. மிகப் பெருங்கதிரைப் பெறுவதும் அதுவே. அவ்வாறிருக்க அதற்கு ஏன் அளவில்லை? கணக்கிடுதல் கடினம் என்பது ஒரு காரணம். மிக அண்மையில் கதிரளவு மில்லிமீற்றருக்கு மில்லிமீற்றர் மாறுவதாம். ஆனால் அது மட்டும் காரணம் என ஏற்றற்கில்லை. குருதி போதலைப் பெண்கள் சொன்னார்கள், மருத்துவர் கேட்டார்கள். இல்லற வாழ்வில் நேர்ந்த இடரைப் பெண்கள் நாணிச் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை. கேளாதது எழுதப்படவில்லை, எழுதப்படாதது அளவிடப்படவில்லை.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாவது பெயர்ச்சி நிகழ்ந்தது. மருந்துக் குப்பியிலிருந்து புள்ளிக்கு வந்த அளவு, புள்ளியிலிருந்து உருவத்துக்கு வந்தது. குழலியை உள்ளே வைத்த நிலையிற் காந்தப் பரிவு விம்பம் எடுத்தால், புற்றின் எச்சமும் அயலுறுப்புகளும் அவ்வப் பெண்ணின் உடலில் உள்ளவாறே புலப்படும். வியன்னா, பாரிஸ் முதலிய நகரங்களின் அறிஞர் கூடிய ஐரோப்பியக் குழு 2005 இலும் 2006 இலும் இதற்கான விதிகளை வெளியிட்டது. புற்றுப் பகுதியின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பெறும் குறைந்தபட்சக் கதிர் எவ்வளவு, ஒவ்வோர் உறுப்பிலும் மிகுதியான கதிரைப் பெறும் 2 கன சதமமீற்றர் இழையம் பெறும் கதிர் எவ்வளவு என்பனவே புதிய அளவுகள். வெளியிலிருந்து செலுத்தும் கதிரையும் சேர்த்துப் புற்றுக்கு ஏறத்தாழ 85 கிறேயும் அதற்கு மேலும் இலக்காயின. நேர்குடலின் அச்சிறு பகுதி 75 கிறேயை எட்டுமாயின் புரைவழி தோன்றும் ஆபத்து கூர்மையாக உயர்வதும், 65 கிறேக்குக் கீழ் நிற்பின் பெரிதும் தணிவதும் பின்னாய்வுகளால் அறியப்பட்டன. ஆணைக்குழுவின் புதிய அறிக்கை 2016 இல் வெளிவந்தபோது, யோனிக்குரிய அளவுப் புள்ளிகளும் அதில் இடம்பெற்றன.

இம்முறையைப் பல நாடுகளிற் சோதித்த எம்பிறேஸ் என்னும் ஆய்வு 2008 இல் தொடங்கியது. அதன் பெறுபேறு 2021 இல் வெளியாயிற்று. ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் ஐந்தாண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வீதத்தினரின் புற்று அவ்விடத்தில் அடங்கி நின்றது. அதே ஏட்டில் ஊறுகளும் எழுதப்பட்டன. கடுமையான சிறுநீர்வழி ஊறுகள் 6.8 வீதம், குடல்வழி ஊறுகள் 8.5 வீதம், யோனி ஊறுகள் 5.7 வீதம், புரைவழி 3.2 வீதம். வெற்றியின் எண்ணும் அதன் விலையின் எண்ணும் ஒரே பக்கத்தில் ஒருங்கே நிற்பதை, 1903 இல் தொடங்கிய பயணத்தின் குறிப்பிடத்தக்க அடையாளமாகக் கொள்ளலாம்.

எனினும் இக்கணக்கு உலகு முழுவதற்கும் பொருந்துவதன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 660,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 350,000 பேர் மாண்டனர். அவ்விறப்புகளுட் பெரும்பங்கு வறிய நாடுகளிலேயே நிகழ்ந்தது. காந்தப் பரிவு விம்பம் எடுக்க வசதியில்லாத இடங்களில் மன்செஸ்ரர் புள்ளி இன்றும் பெண்களைக் காத்து வருகிறது. கதிர்ச் சிகிச்சையே இல்லாத இடங்களில் அளவைப் பற்றிய நுண்மைகளுக்கு இடமேயில்லை. நோயையே வராது தடுக்கும் வழியும் கிட்டியுள்ளது. இந்நோய்க்குக் காரணமான வைரசின் இனமொன்றை ஹறால்ட் சூர் ஹவுசன் என்னும் ஜேர்மனிய அறிஞர் 1983 இல் வெளிப்படுத்தினார். 2008 இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வழி பிறந்த தடுப்பூசி 2017 தொடக்கம் இலங்கைப் பாடசாலை மாணவியருக்கும் தேசிய திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டு வருகின்றது. மருந்தின் அளவை அறிதலினும் மருந்து வேண்டாதவாறு செய்தல் சாலச் சிறந்தது. ஆயினும் நோயுற்றோர் இருக்குமளவும் அளவின் கல்வியும் இருந்தே ஆகவேண்டும்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை தெளிவாகின்றது. மில்லிகிராம் மணி பொய்யன்று. மன்செஸ்ரர் புள்ளி பொய்யன்று. இன்றைய 2 கன சதமமீற்றரும் பொய்யன்று. ஒவ்வொன்றும் தன் காலத்து மருத்துவர் எதனைக் காண வல்லராய் இருந்தனரோ, எதனைக் கேட்க மனங்கொண்டனரோ, அதன் எல்லையைக் காட்டும் எண்ணாகும். கருவிகள் நுண்மையுற்றபோது காட்சி விரிந்தது. ஆனால் கேள்வி விரிந்தது கருவியால் அன்று. தம் உடலில் நேர்ந்ததைக் கூசாது கூறிய பெண்களும் அதனைக் குறித்து வைத்த சிலரும் இல்லையாயின் யோனியின் ஊறு இன்றும் ஏடேறியிராது. பௌதிகமும் மருத்துவமும் பயிலப் புகும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக. அளவீட்டுக்கு வேண்டிய முதற்கருவி செம்மையான செவியாகும். ஏனைய கருவிகள் அதன் பின்னரே வருவன.